ஷெனாயும் என் நாடித்துடிப்பும்

அந்த ஷெனாய் வாசித்தவன் யார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தால் ஒரு நாள் பட்டணத்துக்கு பஸ் ஏறிப் போய், "ஏம்பா, நீ பாட்டுக்கு அங்க மூச்ச இழுத்து ஊதிட்டு ஊட்டுக்குப் பூட்ட. இங்க காஞ்சிபுரத்துல ஒருத்தன் கழுத்துல கத்தி வைக்க முடியாம ரெண்டு வாரம் கூடுதலா கட்டில்ல கெடந்தான், தெரியுமா?" என்று நறுக்கென்று கேட்டுவிட்டுத்தான் திரும்புவேன்.

சிரிப்பு வருகிறதா? வரட்டும். எங்கள் தெருவில் சிரிக்காதவர் கிடையாது. கழுத்தில் கட்டி வந்து, ஆபரேஷன் என்ற சொல்லைக் கேட்டதும் பயந்து நிற்கிறவர்களுக்கு உபயோகமாக இருக்கட்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் எழுத எழுத எரிச்சல்தான் வருகிறது.

என் பெயர் ஏகாம்பரம். பட்டு நெய்கிறவன். குழித்தறியில் எனக்கு வலப்பக்கம் என் மனைவி பாக்கியம் உட்காருவாள். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம் என்று நெய்கிற கோர்வைப் புடவைக்கு இரண்டு பேர் வேண்டும். நூல் ஓட்டுகிற உடல் நாடாவை நான் தள்ளுவேன், கரை நாடாவை அவள் தள்ளுவாள். பதினைந்து வருஷமாக அப்படித்தான்.

போன ஐப்பசியில் ஆரம்பித்தது. மூன்று ஆள் சோற்றை ஒருவனே தின்றேன். எலும்பும் தோலுமாக இளைத்தேன். மார்கழிக் குளிரில் ஊரே போர்த்திக்கொண்டு கிடக்க, எனக்கு மட்டும் வேர்த்துக் கொட்டியது. மோர் புளித்துவிட்டது என்று சொம்பைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். அடித்த கையோடு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆம்பிள்ளை மோருக்கு அழுவதா என்று அதை அப்படியே விழுங்கினேன். கழுத்தின் முன்பக்கம் எலுமிச்சம்பழம் அளவு ஒரு வீக்கம். அதெல்லாம்கூடப் பரவாயில்லை, கை நடுங்க ஆரம்பித்தது. பாவில், அதாவது நீளவாட்டு நூலில், ஒரு இழை அறுந்தால் அதை முடிச்சுப் போடுவதற்கு இரண்டு விரல் அசையாமல் நிற்க வேண்டும். என் விரல் பல்லியைக் கண்ட பூச்சி மாதிரி படபடத்தது. நெய்கிறவனுக்குக் கை போனால் அப்புறம் என்ன இருக்கிறது?

தாமல் போகிற சாலையில் ஒரு தர்ம ஆஸ்பத்திரி. அங்கே டாக்டர் என் கைகளை நீட்டச் சொல்லி, விரல்களின் மேல் ஒரு வெள்ளைக் காகிதத்தை வைத்தார். அது தடதடவென்று ஆடியது. நான் வேண்டுமென்றே ஆட்டுவதாக அவர் நினைத்துவிடுவாரோ என்று பயந்து பல்லைக் கடித்தேன். இன்னும் ஆடியது.

"கழுத்துல முன்னால தைராய்டுன்னு ஒரு சுரப்பி இருக்கு. உடம்பு எவ்வளவு வேகமா ஓடணும்னு சொல்றது அதோட வேலை. உங்களுக்கு அது அளவுக்கு மீறிச் சுரக்குது. அதனாலதான் பசி, வேர்வை, நடுக்கம், இந்தக் கோவம் எல்லாம்" என்றார்.

"கோவம் எங்கப்பாருகிட்டருந்து வந்தது டாக்டர். அத இதுல சேக்காதீங்க" என்றேன்.

அவர் சிரித்துவிட்டு, வீங்கின சுரப்பியில் பெரும்பகுதியை அறுத்து எடுக்க வேண்டும் என்றார். ஆனால் உடனே முடியாது. மாத்திரையும், பாலில் கலந்து சொட்டு மருந்தும் கொடுத்து, முதலில் நாடியை அடக்க வேண்டும். நிமிஷத்துக்குத் தொண்ணூறுக்குக் கீழே, காலையிலும் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்திலும், சேர்ந்தாற்போல் மூன்று நாள் நிற்க வேண்டும். படபடப்போடு கத்தி வைத்தால் சுரப்பி மொத்தத்தையும் ரத்தத்தில் கொட்டிவிடும், இருதயம் தாங்காது, மேஜையிலேயே போக வேண்டியதுதான்.

அறுக்கிற சர்ஜன் பட்டணத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை வருகிறவர். இன்னும் இரண்டு சனிக்கிழமைதான் வருவார், அப்புறம் மேல்படிப்புக்கு அயல்நாடு போகிறார் என்றார்கள். ஆக எனக்கு இரண்டே வாய்ப்பு. அதைத் தவறவிட்டால் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் முகம் தெரியாதவர்கள் நடுவில், எப்போது கூப்பிடுவார்களோ என்று காத்துக் கிடக்க வேண்டும். அதற்குள் இருதயம் கெடாது என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை.

முசரவாக்கத்தில் இருக்கும் பாக்கியத்தின் பிறந்தவீட்டார் வந்து பார்த்தார்கள். கட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தனியாகப் போய் அவளிடம் ஏதோ முணுமுணுத்தார்கள். எனக்கு அப்போது அது புரியவில்லை.

வார்டில் பத்துக் கட்டில். என்னுடையது மேற்கு ஜன்னலோரம். சொட்டு மருந்து, துருப்பிடித்த ஆணியைச் சப்பினால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. ரோசலின் சிஸ்டர் காலை ஆறுக்கும் ராத்திரி எட்டுக்குக் கொஞ்சம் முன்னாலும் வந்து, இடுப்புக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே முழுசாக ஒரு நிமிஷம் என் மணிக்கட்டைப் பிடித்து எண்ணுவாள். பாக்கியம் தினம் அடுக்குப் பாத்திரத்தில் மிளகு ரசமும் சுட்ட அப்பளமும் கொண்டுவருவாள். அப்பளம் நமுத்துவிடக் கூடாது என்று முந்தானையில் பொதிந்து எடுத்துவருவாள். அவள் பக்கத்தில் இருக்கிற நேரம் குறையில்லை.

ஜன்னலுக்கு வெளியே ஒரு பொட்டல். அதைத் தாண்டி டூரிங் டாக்கீஸ் கொட்டகை. அந்தக் கொட்டகை முதலாளிக்கு ஒரு தந்திரம் உண்டு. படம் ஓடும்போதே அதன் சத்தத்தை வெளியே ஒரு குழாய் ஸ்பீக்கரில் விடுவார். சாலையில் போகிறவன் காதில் அழுகை விழுந்தால், யார் அழுதார்கள், ஏன் அழுதார்கள் என்று பார்க்க மறுநாள் டிக்கெட் வாங்குவான். குழாய் தாமல் சாலையைப் பார்த்து இருந்தது. அங்கே டிக்கெட் கிழிப்பவன் என் மைத்துனன் முனுசாமி, பாக்கியத்தின் தம்பி.

முதல் இரண்டு நாள் ஒன்றும் இல்லை. நாடியும் இறங்கியது. மூன்றாம் நாள் சாயங்காலம் பார்க்கிறேன், அந்தக் குழாய் எங்கள் வார்டைப் பார்த்துத் திரும்பி நிற்கிறது!

எந்தப் படம் என்று சொல்ல மாட்டேன். ஏழு வாரம் ஓடித் தொலைந்தது. அவ்வளவு தூரத்தில் பேச்சு காற்றில் கரைந்துவிடும், வாத்தியம் மட்டும் தெளிவாக வரும். சண்டைக்கு ஒரு தடபுடல், காதலுக்குப் புல்லாங்குழல். ஏழே முக்காலுக்குத்தான் அந்த இடம் வரும். முதலில் வயலின்கள் கூட்டமாக ஏறும். பிறகு தபேலா நின்றுவிடும். பிறகு எல்லாமே நின்றுவிடும். அந்த மௌனத்தில் வருவான் பாருங்கள் ஷெனாய்காரன். யாரோ செத்துவிட்டார்கள் என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும்.

எதிர்க்கட்டில் போலீஸ்காரர், குடலிறக்க ஆபரேஷன் ஆனவர், தையல் பிரிந்துவிடும் என்று இரண்டு கையாலும் வயிற்றை அமுக்கிக்கொண்டு அழுதார். "யாரு செத்தாங்கன்னே தெரில ஏகாம்பரம், வவுத்த வலிக்குதுபா, அழாமயும் இருக்க முடில" என்றார்.

"வெக்கமா இல்ல உனக்கு? காசு வாங்கிக்கினு ஊதறான், நீ தையல பிச்சுக்கினு அழுவுற" என்று கத்தினேன்.

கத்திவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பி, துண்டை முகத்தில் போட்டுக்கொண்டேன். துண்டுக்கு அடியில் நான் அழுதுகொண்டிருந்தேன். ரோசலின் சிஸ்டர் வந்து மணிக்கட்டைப் பிடித்தாள். நூற்றிருபத்திநாலு.

காலையில் எண்பத்தெட்டு, ராத்திரி நூற்றிருபத்திநாலு. மறுநாளும் அதே கதை. மருந்தைக் கூட்டினார்கள். தூக்க மாத்திரை கொடுத்தார்கள். எட்டு மணிக்கு நாடி குதித்துக்கொண்டுதான் இருந்தது. முதல் சனிக்கிழமை வந்த சர்ஜன் நாடிக் கணக்கு எழுதிய சீட்டைப் பார்த்துவிட்டு, "இந்த ஆளைத் தொட முடியாது" என்று சொல்லி அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். நான் வெறும் வயிற்றோடு, மழித்த கழுத்தோடு உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு வந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

ஏன் அழுகிறேன் என்று எனக்குத் தெரியும். யாரிடமும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

எங்களுக்கு ஒரு பெண் இருந்தாள், உமா. ஆறு வயசு. அவளை ஒரே ஒரு முறை சினிமாவுக்கு அழைத்துப்போனதுதான் தப்பு, அன்றிலிருந்து வீட்டில் நடப்பதற்கெல்லாம் வாயாலேயே வாத்தியம் வாசிப்பாள். நான் கோபமாக உள்ளே நுழைந்தால் "டட்டடாங்!" பாக்கியம் சோறு போட்டால் வீணை. பாவில் இழை அறுந்தால், தறி ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு, "டொய்ங்ங்ங்" என்று இழுப்பாள். ஷெனாய்தான் அவளுக்கு உயிர். மூக்கைப் பிடித்துக்கொண்டு "பீ... ப்பீஈ" என்று ஊதியபடியே நடுவீட்டில் பொத்தென்று விழுந்து செத்துப்போவாள். ஒரு கண்ணைத் திறந்து, நாங்கள் அழுகிறோமா என்று பார்ப்பாள். "சனியனே, வெளக்கு வைக்கற நேரத்துல இன்னா ஆட்டம், எழுந்திரு" என்று திட்டுவேன். திட்டிவிட்டுத் தறிக்குழிக்குள் குனிந்து சிரிப்பேன்.

தொண்டை அடைப்பான் வந்து நாலே நாளில் போனாள். தொண்டையில் காற்றே போகவில்லை, அவள் எதை ஊதுவாள்? சின்னப் பிள்ளைகள் செத்தால் எங்களில் மேளம் கிடையாது, சங்கு கிடையாது. துணியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு போய்ப் புதைத்துவிட்டு வருவதுதான். தெருவில் தறிச் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. ஊரில் இருந்த வாத்தியத்தையெல்லாம் வாயால் வாசித்த பெண்ணுக்கு ஒரு வாத்தியம் இல்லை. எவனோ வேஷம் கட்டிச் செத்தால் நாற்பது பேர் உட்கார்ந்து வாசிக்கிறார்கள்! இதுதான் என் கோபம். டாக்டர் சொன்ன சுரப்பியெல்லாம் அதற்கப்புறம்.

அன்றைக்கு நான் அழவில்லை. மூன்றாம் நாள் தறியில் உட்கார்ந்தேன், ஒரு கல்யாணப் புடவை பாதியில் நின்றது. பக்கத்தில் பாக்கியத்தின் கண்ணிலிருந்து கொட்டியது. பட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் கறை நிற்கும். வேர்வையைக்கூடத் தோளில் துடைத்துக்கொண்டுதான் நெய்வோம். "பட்டுல விழப்போவுது, துடை" என்றேன். அவள் துடைத்துக்கொண்டாள். அப்புறம் நாலு வருஷம் தறியில் அவள் அழுது நான் பார்த்ததில்லை. வாரம் ஒரு தரம் டாக்கீஸுக்குப் போய்க் கண் சிவந்து வருவாள். "பொய் வாத்தியத்துக்கு உண்மைக் கண்ணீரா, உனக்கு வேற வேல இல்ல" என்று கேலி பண்ணுவேன்.

இரண்டாவது சனிக்கிழமைக்கு ஒரு வாரம் இருந்தபோது, டாக்கீஸில் எண்ணெய் எஞ்சின் பழுதாகி ஒரு நாள் படம் இல்லை. எட்டு மணிக்கு என் நாடி எண்பத்தாறு. ரோசலின் சிஸ்டர் சீட்டைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள். மறுநாள் ஏழரைக்கே வந்து ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். எண்பத்தெட்டு. வயலின் ஏறியது, தொண்ணூற்றாறு. எல்லாம் நின்றது. ஷெனாய் வந்தது. அவள் விரலுக்கடியில் என் நாடி குதிரை மாதிரி ஓடியது எனக்கே தெரிந்தது.

"நூத்தி இருவத்தி ரெண்டு" என்றாள். "துண்ட எடுங்க."

"வேர்க்குது சிஸ்டர், அதான்."

"கண்ணுல மட்டும் வேர்க்குமா? சினிமா வாத்தியத்துக்கு அழுவுறீங்க. இத மொத நாளே சொல்லியிருந்தா போன சனிக்கிழமையே முடிஞ்சிருக்குமில்ல? இதுல இன்னா மானம் போவுது உங்களுக்கு?"

டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். போலீஸ்காரருக்கு என்னைவிடச் சந்தோஷம். "இன்னாபா, எனக்கு வெக்கமா இல்லன்னு கேட்டியே" என்று பத்துக் கட்டிலுக்கும் கேட்கக் கூவினார். குழாயைத் திருப்பச் சொல்லி டாக்கீஸுக்கு ஆள் போயிற்று. மறுநாள் சாயங்காலம் முனுசாமி தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான்.

"எந்த நாய்டா அத இந்தப் பக்கம் திருப்புனது?" என்றேன்.

"அக்காதான் மாமா திருப்பச் சொல்லுச்சு. நீ வந்த மூணாம் நாளே வந்து சொல்லுச்சு. மொதலாளி ஒத்துக்கல. அக்கா அழுதுச்சு, அப்பறம் ஒத்துக்கினாரு."

அவன் பேசி முடிப்பதற்குள் பாக்கியம் அடுக்குப் பாத்திரத்தோடு வந்துவிட்டாள். நான் என்னென்ன சொன்னேன் என்று இங்கே எழுத முடியாது. என்னைக் கொல்லப் பார்த்தாயா என்று கேட்டேன். அது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. அவள் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். பதினைந்து வருஷமாக என்னை "நீங்க" என்று மட்டுமே சொன்னவள், அன்றைக்கு "நீ" என்றாள்.

"உமா போன அன்னிக்கு நீ அழல. நான் அழுதா பட்டுல விழப்போவுது துடைன்ன. சரின்னு தொடச்சிக்கினேன். அப்பறம் எங்க போயி அழுவேன்? டாக்கீஸ் மண்ணுல குந்திக்கினு அழுதா எந்தப் பட்டும் கறையாவாது, ஏன் அழுவுறன்னு எவனும் கேக்க மாட்டான். ஷெனாய் ஊதுனா எம்பொண்ணுக்கே ஊதுறாப்பல இருக்கும். அதுக்கும் நீ கேலி பண்ண."

வார்டே வாயைப் பிளந்துகொண்டு கேட்டது. அவள் நிறுத்தவில்லை.

"முழுங்குன அழுகதான் கழுத்துல கட்டியா நின்னுக்கினு இருக்குதுன்னு எங்க ஊர்ல சொன்னாங்க. நான் நம்பறேன். நாலு நாள் அழுதா கரஞ்சிப்பூடும், கத்தியே வாணாம்னு பாத்தேன். அதுக்குத்தான் திருப்பச் சொன்னேன். போதுமா?"

எனக்குக் கோபம் குறையவில்லை; அதை எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை. படிக்காதவள் செய்த பைத்தியக்காரத்தனம் என்று சொல்லிவிடலாம். கட்டி கரைய என்று வைத்த மருந்து என்னை மேஜையிலேயே கொன்றிருக்கும். ஆனால் நாலு வருஷமாக எனக்கு என்ன நோய் என்று அவளுக்கு மட்டும் தெரிந்திருக்கிறது. நான் ரசத்தை எடுத்துக் குடித்தேன். அது ஆறிப்போயிருந்தது. அவள் முந்தானையிலிருந்து அப்பளத்தை எடுத்துத் தட்டில் வைத்தாள்.

குழாய் மறுபடி தாமல் சாலையைப் பார்த்தது. எண்பத்தெட்டு, எண்பத்தாறு, எண்பத்திரண்டு. சனிக்கிழமை காலை தள்ளுவண்டியில் போகும்போது பாக்கியம் வண்டியைப் பிடித்துக்கொண்டே கதவு வரை வந்தாள். உள்ளே கத்தரிக்கோல்கள் தட்டில் விழுகிற சத்தம் கேட்டது. பயமாகத்தான் இருந்தது. சினிமாவாக இருந்தால் இந்த இடத்தில் எவ்வளவு வாசித்திருப்பான்! இங்கே ஒருவர் தும்மினார், அவ்வளவுதான். மூக்கில் மயக்க மருந்து மூடியை வைத்து எண்ணச் சொன்னார்கள். ஒன்பதோடு சரி.

சுரப்பிக்குப் பின்னால்தான் குரலுக்கான நரம்பு ஓடுகிறதாம். அதில் கத்தி பட்டால் பேச்சே போய்விடுமாம். அதனால் கண் விழித்ததும் டாக்டர், "ஏதாவது பேசுங்க" என்றார். தகரத்தில் கல்லை உரசினாற்போல ஒரு குரல் வந்தது. "அந்தக் கொழா எந்தப் பக்கம் பாக்குது?" என்று கேட்டேனாம். "ஒண்ணும் போகல, ஆள் முழுசா இருக்கார்" என்றாராம் டாக்டர்.

பாக்கியம் அவரை நடைவழியில் மடக்கி, "உள்ள இன்னா இருந்துச்சு டாக்டர்?" என்று கேட்டாள்.

"சதைம்மா. வெறும் சதை."

"அவ்ளோதானா?" என்றாள். அவள் நம்பவில்லை.

பங்குனி பிறந்ததும் தறியில் உட்கார்ந்தேன். கழுத்தில் மணிச்சரடு போட்டாற்போல் ஒரு தழும்பு. விரல் நீட்டிப் பார்த்தேன், ஆடவில்லை. கோபம் அப்படியே இருக்கிறது, டாக்டர் இதைக் குறித்துக்கொள்ளட்டும். மாம்பழ நிற உடல், அரக்குக் கரை. நான் தள்ள, அவள் தள்ள, ஒரு முழம் ஏறியிருக்கும். இடது ஓரத்தில் ஒரு இழை பட்டென்று அறுந்தது.

"டொய்ங்ங்ங்" என்றாள் பாக்கியம்.

தன்னையறியாமல் வந்துவிட்டது. சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். நாலு வருஷமாக எங்கள் வீட்டில் யாரும் எழுப்பாத சத்தம் அது. நான் அறுந்த இழையின் இரண்டு நுனியையும் தேடினேன். இரண்டும் தெரியவில்லை. கண்ணை மறைத்துக்கொண்டு வந்தது. துண்டு எட்டவில்லை, தோளில் துடைப்பதற்குள் முந்திக்கொண்டது.

"ஏ பாக்கியம், பட்டுல விழுது, பட்டுல விழுது..." என்றேன்.

அவள் கரை நாடாவைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விழட்டும் விடுங்க" என்றாள். "கறைக்கு நான் பதில் சொல்லிக்கறேன்."